மெட்டல் வாசிக்க ஹை அவுட்புட் பிக்கப்: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசியா வாங்கணும்

பிக்கப் (கம்பியோட அதிர்வை மின் சிக்னலா மாத்தற காந்தமும் காயிலும் சேந்த பாகம்) மாத்தணும்னு கிட்டாரைத் தூக்கிட்டு வர்ற பசங்க கேக்கற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "அண்ணா, இருக்கறதுலயே எது ரொம்ப ஹாட்?" ஹாட்னா அவுட்புட் அதிகம்னு அர்த்தம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஓம் நம்பர் (காயிலோட ரெசிஸ்டன்ஸ்) பெருசா இருந்த ஒரு பிக்கப்பை காசு சேத்து வாங்கி, மஹோகனி பாடி கிட்டார்ல போட்டு, ட்ராப் சி-ல (கீழ் கம்பியை சி நோட்டு வரைக்கும் இறக்கின டியூனிங்) பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால கம்பியை அமுக்கி வாசிக்கறது) அடிச்சா ஈரச் சாக்கைத் தடியால அடிக்கற மாதிரி பொத்து பொத்துன்னு கேட்டுச்சு. பிக்கப் மேல தப்பில்ல, நான் யோசிச்ச வரிசைதான் தப்பு. அதனால எது நல்ல பிக்கப்ங்கறதை விட எதுக்கு அப்புறம் எதைப் பாக்கணுங்கறதுக்குதான் இங்க அதிக இடம். முதல் மூணு படியைத் தாண்டிக் குதிக்காதீங்க, அதுக்கு பெருசா செலவே கிடையாது.

1. கையில இருக்க வேண்டியது

மல்டிமீட்டர், மி.மீ. அளக்கற ஸ்கேல், ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர், 40-ல இருந்து 60 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், இன்சுலேஷன் டேப், புது ஸ்ட்ரிங் ஒரு செட், பழைய வேட்டித் துணி ஒண்ணு. சென்னைக்காரங்கன்னா ஸ்ட்ரிங்கைத் தவிர மத்ததெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நடையில முடிஞ்சிடும், துணி வீட்லயே இருக்கும்.

வாட்டை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பாட்டோட (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கற பாகம்) முதுகு நல்ல கனமான தகடு, சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். 25 வாட் அயர்னை வச்சுக்கிட்டு ஈயம் உருகுமா உருகுமான்னு அழுத்திப் பிடிச்சுட்டே இருப்பாங்க, ஈயம் ஒட்டறதுக்குள்ள பாட் உள்ள இருக்கற கார்பன் ட்ராக் வெந்துடும். நல்ல சூடான அயர்ன்னா ரெண்டு மூணு செகண்டுல ஒட்டிட்டு எடுத்துடலாம், அதுதான் பாட்டுக்கு பாதுகாப்பு.

2. பழைய பிக்கப்புக்கு ஒரு சான்ஸ் குடுங்க

புது ஸ்ட்ரிங் போடுங்க. ரெண்டு மாசமா மாத்தாம, வேர்வையும் கடற்கரை ஈரமும் குடிச்சு கறுத்துப் போன கம்பில எந்த பிக்கப்பைப் போட்டாலும் மந்தமாத்தான் கேக்கும். ட்ராப் சி-ல 9-42 மாதிரி மெல்லிசு செட் வச்சு வாசிக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை, கம்பி தொளதொளன்னு ஆடும், அந்த ஆட்டத்தையும் பிக்கப் கணக்குல எழுதிடறாங்க. 25.5 இன்ச் ஸ்கேல்ல (இங்க ஸ்கேல்னா நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பியோட நீளம்) ட்ராப் சி-ன்னா 10-52 இல்ல 11-54 மாதிரி செட்டுக்குப் போங்க. 24.75 இன்ச்னா இன்னும் கொஞ்சம் தடிமன் வேணும், ஸ்கேல் குறையக் குறைய அதே நோட்டுக்கு இழுவிசையும் குறையும்.

அடுத்து ஆம்ப்ல கெயினைக் குறைங்க. நிஜமாதான் சொல்றேன். பாதிப் பேருக்கு பிரச்சனையே கெயின் பத்தலைங்கறது இல்ல, கெயினுக்கு உள்ள போற பாஸ் அதிகம்ங்கறது. ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு ஓவர்டிரைவ் பெடலை (கம்ப்யூட்டர் ப்ளக்-இன் ஆனாலும் சரி) ஆம்புக்கு முன்னாடி வச்சு, டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசுன்னு விட்டுப் பாருங்க. அது கீழ் பாஸை வெட்டிட்டு 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் தூக்கிக் குடுக்கும், அதனால டிஸ்டார்ஷன் உள்ள போறது ஏற்கனவே சுத்தமா போகும். இதுலயே மனசு நிறைஞ்சு பிக்கப் ஆசையை விட்டுட்டுப் போனவங்களும் உண்டு, அந்தக் காசுல நல்ல செட்டப் பண்ணிக்கிட்டாங்க.

இதெல்லாம் பண்ணியும் நோட்டு நோட்டா பிரிஞ்சு கேக்கலை, இல்ல விசில் மாதிரி ஃபீட்பேக் கத்துதுன்னா அடுத்த படிக்கு வாங்க. மலிவு கிட்டார்கள்ல பிக்கப் காயிலுக்கு சரியா மெழுகு ஏத்தியிருக்க மாட்டாங்க, உள்ள இருக்கற கம்பிச் சுத்து அதிர்ந்து கீச்சுன்னு கத்தும். அதுக்கு மாத்தறதுதான் சரியான வழி.

3. கிட்டாரைப் பத்தி நாலு வரி எழுதுங்க

பேப்பர்லதான் எழுதணும், மனசுல வச்சுக்கிட்டா கடைக்குப் போனதும் மறந்துடும். டியூனிங் என்ன, ஸ்கேல் என்ன, எந்த ஆம்ப் இல்ல எந்த ப்ளக்-இன், கேபிள் போடாம வெறுமனே மீட்டினா பளிச்சுன்னு கேக்குதா கனமா கேக்குதா. கடைசி வரிதான் முக்கியம். பிக்கப் இல்லாமலே இருட்டா கேக்கற கிட்டார்ல இருட்டு பிக்கப்பைப் போட்டா என் கதைதான் உங்களுக்கும். பளிச்சுன்னு கீச்சற கிட்டார்ல ட்ரெபிள் தூக்கற பிக்கப் போட்டா காதுல ஊசி குத்தும். எது குறையுதோ அதைக் குடுக்கற பிக்கப்தான் வேணும்.

டியூனிங் ஏன்னா, ஸ்டாண்டர்ட்ல கீழ் இ கம்பி 82 ஹெர்ட்ஸ், ட்ராப் சி-ல 65, ஏழு கம்பில ட்ராப் ஏ-ன்னா 55. கீழ போகப் போக பிக்கப்ல பாஸ் குறைவா, டைட்டா இருக்கணும், இல்லன்னா எல்லாம் ஒரே உருமலாப் போயிடும்.

4. கிட்டாருக்குப் பொருந்துமான்னு அளங்க

பிக்கப்பை ஆர்டர் பண்ணிட்டு அளக்கறவங்கதான் அதிகம், அதைத் திருப்பி அனுப்ப முடியாம பாதி விலைக்கு வித்தவங்களையும் பாத்திருக்கேன். பிரிட்ஜ் பக்கம் முதல் கம்பியோட நடுவுல இருந்து ஆறாவது கம்பியோட நடு வரைக்கும் அளந்து பாருங்க. 51 மி.மீ. இல்ல அதுக்கு மேல வந்தா, ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ்கள்ல அப்படித்தான் வரும், டிமார்சியோ கம்பெனில எஃப்-ஸ்பேஸ்டு, சீமோர் டங்கன் கம்பெனில ட்ரெம்பக்கர்னு சொல்ற அகல மாடல் வாங்குங்க. அதுக்குக் குறைவுன்னா சாதாரண அகலம், போல் (ஒவ்வொரு கம்பிக்கும் அடியில பிக்கப்ல தெரியற இரும்பு முனை) நடுவுக்கு நடு 48 மி.மீ. கிட்ட இருக்கும். மாறிப் போயிட்டா உடனே சவுண்ட் செத்துடாது, ஆனா ஓரக் கம்பிங்க போலுக்கு வெளிய நிக்கறது பாக்கறப்பெல்லாம் உறுத்திக்கிட்டே இருக்கும். போல் இல்லாம பட்டையா ப்ளேட் வச்ச மாடல்ல இந்தத் தலைவலியே கிடையாது.

ஏழு கம்பிக்காரங்க இன்னொண்ணையும் கவனிங்க, பாசிவ் சைஸ்னு ஒண்ணு (பாசிவ்னா என்னன்னு அடுத்த படில), ஈஎம்ஜி கம்பெனியோட 707 மாதிரி பெரிய சோப்புக்கட்டி சைஸ்னு ஒண்ணு, ரெண்டும் ஒரே குழிக்குள்ள உக்காராது.

5. ஆக்டிவா பாசிவா, இதை இப்பவே முடிவு பண்ணுங்க

இதைத் தள்ளிப் போட முடியாது, ஏன்னா பாட், ஜாக், பேட்டரி இடம் எல்லாமே இதை வச்சுத்தான் மாறும்.

ஆக்டிவ்னா பிக்கப் உள்ளயே சிக்னலைத் தூக்கிக் குடுக்கற ஒரு சின்ன ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரில ஓடும். பாசிவ்னா ப்ரீஆம்பும் இல்ல, பேட்டரியும் இல்ல. ஈஎம்ஜி 81 தான் இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர், செராமிக் மேக்னெட், இரைச்சல் ரொம்பக் குறைவு, அடிச்ச அடி எல்லாம் ஒரே மட்டத்துல வந்து விழும். நீளமான கேபிள் போட்டாலும் ட்ரெபிள் போகாது. அந்த ஒரே மட்டம்தான் சிலருக்குப் பிடிக்காது, மெதுவா தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் பெருசா வித்தியாசம் தெரியலைம்பாங்க, அது நியாயம்தான். ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் மாடர்ன் ரெண்டு குரல் குடுக்கும், ஒரு சுவிட்ச்ல மாத்திக்கலாம், ஆனா ஈஎம்ஜியை விட பேட்டரி சீக்கிரம் தீரும்.

ஆக்டிவ் போடறவங்க செய்யற தப்பு மூணு. ஒண்ணு, பழைய 500 கே (கிலோ ஓம்) பாட்டையே விட்டுடறது, ஈஎம்ஜிக்கு 25 கே பாட் வேணும், இல்லன்னா வால்யூம் சுவிட்ச் மாதிரி சட்டுனு ஆஃப் ஆகும். ரெண்டு, மோனோ ஜாக்கையே விட்டுடறது, ஸ்டீரியோ ஜாக் இருந்தாதான் கேபிளை உருவினதும் பேட்டரி அணையும், அதே காரணத்துக்காக வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டி வைங்க. மூணு, ஒரு ஆக்டிவ் ஒரு பாசிவ்னு கலக்கறது. 25 கே பாட்ல பாசிவ் போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி ஆயிடும். கலந்தே தீரணும்னா தனித்தனி வால்யூம் வேணும், அப்பவும் ரெண்டையும் சேத்து ஆன் பண்ணா தகராறுதான். முதல் தடவைன்னா கலக்காதீங்க.

6. ஓம் நம்பரை நம்பாதீங்க

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணா, ஒண்ணு 17 கே போட்டிருக்கான், இன்னொண்ணு 13 கே. 17 தானே ஹெவி?" நான் அந்த ரெண்டோட பேரைக் கேட்டேன். டிமார்சியோ டோன் ஸோன், 17.31 கிலோ ஓம். சூப்பர் டிஸ்டார்ஷன், 13.68 கிலோ ஓம். அதே கம்பெனி போடற அவுட்புட் கணக்கைப் பாருடான்னேன், டோன் ஸோன் 375 மில்லிவோல்ட், சூப்பர் டிஸ்டார்ஷன் 425. ஓம் குறைஞ்சதுதான் சத்தம் அதிகம்! கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல.

காரணம் எளிசு. நீங்க அளக்கற ஓம், காயில்ல சுத்தியிருக்கற தாமிரக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ், அவ்ளோதான். கம்பி ஒரு கேஜ் மெலிஞ்சாலே, 42-ல இருந்து 43-க்குப் போனாலே, அதே நீளத்துக்கு ரெசிஸ்டன்ஸ் கால் பங்குக்கு மேல ஏறிடும், சுத்து ஒண்ணு கூட அதிகமாகாம. மேக்னெட் எவ்ளோ பலம்ங்கறது அந்த நம்பர்ல எங்கயுமே இல்ல. ஒரே கம்பெனி, ஒரே கம்பி, ஒரே மேக்னெட்னு இருந்தா மட்டும் ஒப்பிட்டுப் பாக்கலாம்.

வெயிலுக்குக் கூட இந்த நம்பர் மாறும்னா நம்புவீங்களா? தாமிரத்தோட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்கு கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். ஏசி ரூம்ல 20 டிகிரில 16 கே காட்டற பிக்கப், மே மாசம் மொட்டை மாடி ரூம்ல 35 டிகிரில 17 கேக்குப் பக்கமா காட்டும். பிக்கப் ஹாட் ஆயிடுச்சு, ஆனா அந்த ஹாட் இல்ல. இன்னொண்ணு, கழட்டாம கேபிள் வழியா அளந்தா 500 கே பாட்டும் கூடவே சேந்து, வால்யூம் முழுசா வச்சாலும் 16 கே 15.5-ன்னுதான் காட்டும். செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப இது தெரியாம போலின்னு சண்டை போட்டவங்க உண்டு. ஆக்டிவ் பிக்கப்பை இப்படி அளக்கறதுல அர்த்தமே இல்ல, உள்ள ப்ரீஆம்ப்தான் உக்காந்திருக்கு.

அப்ப சுத்து அதிகமானா என்னதான் ஆகும்? சத்தம் கூடும், கூடவே இண்டக்டன்ஸும் (காயிலோட இன்னொரு மின் குணம்) கூடும், அதனால ரெசொனன்ஸ் பீக் (பிக்கப் தூக்கிக் குடுக்கற அதிர்வெண்) கீழ இறங்கி மேல இருக்கற பளபளப்பு குறையும், மிட் தடிமனாகும். என் ஈரச் சாக்கு கதை இதுதான். அவுட்புட்டுக்கு விலையா தெளிவைக் குடுக்கறோம், இன்னைக்கு இருக்கற ஆம்ப்ல கெயினுக்கா பஞ்சம்? ஆம்பால திருப்பிக் குடுக்க முடியாதது தெளிவைத்தான்.

7. மேக்னெட்

செராமிக்னா அட்டாக் கூர்மை, பாஸ் இறுக்கம், ஸ்பீடா பாம் மியூட் அடிச்சா ஒவ்வொண்ணும் தனித்தனியா விழும். ஆல்னிக்கோ 5-ன்னா கொஞ்சம் உருண்டையா இருக்கும், லீட் வாசிக்கறப்ப தடிமன் குடுக்கும், கீழ டியூன் பண்ணா பாஸ் லேசா தளரும். செராமிக்னா கரகரன்னு இருக்கும்ங்கறது முழு உண்மை இல்ல, எப்படி சுத்தியிருக்காங்கங்கறதும் சேந்துதான் சவுண்ட்.

8. இப்பதான் பேர் சொல்றேன்

இருட்டான மஹோகனி கிட்டார், ட்ராப் சி இல்ல அதுக்கும் கீழ, ரிதம்தான் முக்கியம்னா சீமோர் டங்கன் நாஸ்குல், இல்ல ஈஎம்ஜி 81. ஸ்டாண்டர்ட் டியூனிங், பழைய த்ராஷ், ஹார்ட் ராக் ரெண்டும் வேணும்னா டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன், 1972-ல இருந்து வர்ற மாடல், இன்னைக்கும் சலிக்கலை. பளிச்சுன்னு கீச்சற கிட்டார், லீடும் நிறைய வாசிப்பேன்னா மேல சொன்ன டோன் ஸோனையே பாருங்க, தடிமனான லோ மிட் கிட்டாரோட கீச்சலை மூடும். சீமோர் டங்கன் ஜேபியை எல்லாரும் சொல்லுவாங்க, நல்ல பிக்கப்தான், 16 கேக்கு மேல காட்டும், ஆல்னிக்கோ 5, ஆனா அப்பர் மிட்ல ஒரு முள்ளு இருக்கு, பளிச் கிட்டார்ல அந்த முள்ளு குத்தும். ஜேபி ஏற்கனவே கையில இருந்தா வால்யூம் பாட்டை 250 கே ஆக்கிப் பாருங்க, பாதி முள்ளு மழுங்கிடும். இன்வேடர்ல மூணு செராமிக் மேக்னெட், பேருக்கேத்த மாதிரி முரட்டுத்தனம், ஏற்கனவே தடிமனா கேக்கற கிட்டார்ல நான் போட மாட்டேன்.

நெக் பக்கம் அதே அளவு ஹாட்டா போடாதீங்க. நெக் இடத்துல கம்பி ஏற்கனவே அகலமா ஆடுது, பாஸ் தானா வருது. ஜேபிக்கு ஜோடியா ஜாஸ் மாடல், நாஸ்குலுக்கு சென்டியன்ட், 81-க்கு 60 (மெட்டாலிகா ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டோட ஜோடி) இல்ல 85. பட்ஜெட் இடிச்சா நெக்கை விட்டுடுங்க, பிரிட்ஜை மட்டும் மாத்துங்க, மெட்டல் ரிதம் முக்கால்வாசி அங்கதான் நடக்குது.

ரொம்ப மலிவா கிடைக்குதுன்னு பேர் தெரியாத ஆன்லைன் கடைல பாய்ஞ்சு வாங்காதீங்க. நான் ஒரு தடவை வாங்கின "ஆக்டிவ்" பிக்கப்பைப் பிரிச்சுப் பாத்தா உள்ள சாதா சிங்கிள் காயில் ஒண்ணும் நிறைய பசையும்தான் இருந்துச்சு.

9. சால்டரிங், கலர் கோட்ல ஏமாறாதீங்க

பழைய வயரிங்கை நாலு கோணத்துல போட்டோ எடுத்துக்கோங்க. பாடி மேல வேட்டித் துணியை விரிச்சுடுங்க, ஒரு சொட்டு ஈயம் போதும் பெயின்ட்டைப் பொசுக்க. புது பிக்கப் வயரை நீளம் அதிகமா இருக்குன்னு முதல்லயே வெட்டிடாதீங்க, எல்லாம் வேலை செஞ்சு ஒரு வாரம் வாசிச்ச அப்புறம் வெட்டினா போதும்.

பாசிவ் ஹம்பக்கர்ல (ரெண்டு காயில் வச்ச பிக்கப்) நாலு கலர் வயரும் ஒரு வெறும் கம்பியும் வரும். சீமோர் டங்கன்ல கறுப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் சேத்து முறுக்கி டேப், பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்ட். டிமார்சியோல சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேத்து டேப், பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்ட். ஒண்ணோட கோடை இன்னொண்ணுக்குப் போட்டா ரெண்டு காயிலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், சவுண்ட் தகர டப்பா மாதிரி மெலிசாகி, ஹம் மட்டும் நல்லா கேக்கும். அப்படிக் கேட்டதும் பிக்கப் டூப்ளிகேட்னு முடிவு கட்டாதீங்க, கலரைத் திரும்பப் பாருங்க.

பாட்டையும் போடறதுக்கு முன்னாடி மீட்டர்ல அளந்துடுங்க. 500 கேன்னு அச்சடிச்சது 400 காட்டறது சகஜம், குறையக் குறைய ட்ரெபிளும் குறையும். ஈஎம்ஜில சால்டரிங் கிட்டத்தட்ட இல்ல, ப்ளக் சொருகற மாதிரிதான் வரும், ஆனா பிரிட்ஜ்ல இருந்து வர்ற பழைய கிரவுண்ட் வயரை எங்கயும் இணைக்காம டேப் சுத்தி விட்டுடுங்க, அதை வேண்டாம்னுதான் அவங்களே சொல்றாங்க.

10. மூடறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க

ஸ்ட்ரிங் போடாமலே ஆம்பை சின்னச் சத்தத்துல வச்சு ஸ்க்ரூட்ரைவர் முனையால ஒவ்வொரு காயிலயும் மெதுவா தொடுங்க. மேக்னெட் டக்குனு இழுத்துக்கும், அப்ப ரெண்டு காயில்லயும் ஒரே மாதிரி டொக் கேக்கணும். ஒண்ணு ஊமையா இருந்தா சேத்து முறுக்கின வயர்கள் ஜோடில ஏதோ கிரவுண்ட்ல இடிக்குது.

ரெண்டு கம்பெனி பிக்கப் கலந்து போட்டிருந்தா, ரெண்டையும் ஆன் பண்ற நடு இடத்துல சவுண்ட் குழியாகி மூக்கால பாடற மாதிரி இருக்கான்னு கேளுங்க. இருந்தா ரெண்டும் எதிரெதிர் ஃபேஸ்ல இருக்கு. ஒரு பிக்கப்ல மட்டும் ஹாட்டையும் பச்சையையும் இடம் மாத்துங்க, வெறும் கம்பி மட்டும் கிரவுண்டை விட்டு நகரக் கூடாது.

11. உயரம்

கடைசி ஃப்ரெட்ல கம்பியை அழுத்திப் பிடிச்சுட்டு கம்பிக்கு அடியில இருந்து போல் வரைக்கும் அளக்கணும். அழுத்தாம அளந்தா, மேல போய் வாசிக்கறப்ப கம்பி பிக்கப்புல இடிக்கும். பிரிட்ஜ்ல தடிக் கம்பி பக்கம் 2.5 மி.மீ., மெல்லிசு பக்கம் 2 மி.மீ.ல ஆரம்பிங்க. ஸ்கேல் நுழையலன்னா மூணு ஏடிஎம் கார்டை அடுக்கிச் சொருகுங்க, 2.3 மி.மீ. கிட்ட வரும்.

ஹாட் பிக்கப் வாங்கியாச்சுன்னு கம்பியோட ஒட்டற மாதிரி தூக்கி வைக்கறதுதான் கடைசித் தப்பு. பலமான மேக்னெட் கம்பியைப் பிடிச்சு இழுக்கும், சஸ்டெயின் குறையும், நோட்டு லேசா அலையும். தடிக் கம்பி பக்கத்தை மட்டும் கால் திருப்பு இறக்கிட்டு ஒரு பாம் மியூட் அடிச்சுக் கேளுங்க, திரும்ப கால் திருப்பு. பாஸ் இறுகி நோட்டு பிரிய ஆரம்பிக்கற இடம் ஒண்ணு வரும், அங்க நிறுத்துங்க. ஆக்டிவ்னா இழுவை குறைவு, இன்னும் கிட்ட போகலாம்.

12. ஆடியோ இன்டர்ஃபேஸ்ல வாசிக்கறவங்களுக்கு

புது பிக்கப் போட்டதும் பழைய கெயின் செட்டிங்லயே விட்டா இன்புட் கிழியும், அந்தக் கிழிசலை பிக்கப்போட டிஸ்டார்ஷன்னு நினைச்சு சந்தோஷப்பட்டவனையும் எனக்குத் தெரியும். இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் ஆன்ல இருக்கணும், லைன் இன்புட்ல சொருகினா பாசிவ் பிக்கப்போட ட்ரெபிள் செத்துடும். கெயினைப் பூஜ்யத்துல வச்சு, உங்க பலத்துல இருக்கற மொத்த வேகத்தோட கீழ் கம்பியை ஓப்பனா அடிச்சுக்கிட்டே கெயினை மெல்ல ஏத்துங்க, சிவப்பு விளக்கு எரியற இடத்துல இருந்து நல்லா கீழ இறக்கி விட்டுடுங்க. பூஜ்யத்துலயே எரிஞ்சா பேட் பட்டன் (உள்ள வர்ற சிக்னலைக் குறைக்கறது) இருந்தா போடுங்க, இல்லன்னா பிக்கப்பை இன்னும் அரை திருப்பு இறக்குங்க.

கழட்டின பழைய பிக்கப்பை ஸ்க்ரூ, ஸ்ப்ரிங்கோட ஒரு கவர்ல போட்டு எந்தக் கிட்டார்னு எழுதி வைங்க. கிட்டாரை விக்கறப்ப கேப்பாங்க.